ஊர் மரத்துக்கு யார் காவல்? தமிழகக் கிராமங்களில் மரமும் சட்டமும்

கிராமத்தில் ஒரு மரத்தை வெட்டலாமா கூடாதா என்று வருவாய்த்துறை அலுவலகத்தில் போய்க் கேட்டால், முதலில் வருவது பதில் அல்ல, இன்னொரு கேள்வி: “எந்த சர்வே நம்பர்?” அதற்குப் பதில் சொன்னால் அடுத்தது, “என்ன மரம்?” இந்த இரண்டு கேள்விகளோடு விஷயம் பெரும்பாலும் முடிந்துவிடும். மரத்துக்கு எத்தனை வயது, அதன் நிழலில் யார் உட்காருகிறார்கள், எத்தனை பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன என்பவற்றைக் கேட்பதற்கு நம் சட்டத்தில் கட்டம் எதுவும் இல்லை.

தமிழகக் கிராமங்களில் மரப் பாதுகாப்பைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல். சட்டம் காப்பது பெரும்பாலும் மரத்தை அல்ல. மரம் நிற்கும் நிலத்தையும், அதன் கட்டையின் விலையையும்தான். ஊரே கும்பிடும் ஆலமரத்துக்குப் பெயர் சொல்லிக் காவல் தரும் சட்டம் கிடையாது. யார் கண்ணிலும் படாமல் வேலியோரம் நிற்கும் சந்தன மரத்துக்கு வனத்துறையின் முழு அதிகாரமும் காவல்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். சமவெளியில் பட்டா நிலத்தில் நிற்கும் வேம்பு, மா, தென்னை, தேக்கு எல்லாம் நிலத்துக்காரருக்குச் சொந்தம். சில வகை மரங்களையும் மலைப்பகுதிகளையும் தவிர்த்துப் பார்த்தால், அவர் வெட்டுவதற்குப் பெரிய தடை இல்லை. வெட்டிய கட்டையை வண்டியில் ஏற்றிச் சாலைக்குக் கொண்டுவரும்போதுதான் 1968ஆம் ஆண்டின் மரக்கட்டைப் போக்குவரத்து விதிகள் குறுக்கே வரும். கட்டை எங்கிருந்து வருகிறது என்பதற்கு கிராம நிர்வாக அலுவலரின் சான்றும், சில வகைகளுக்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டும் தேவைப்படும். சாதாரண நாட்டு மரங்கள் பலவற்றுக்கு இதிலும் விலக்கு உண்டு.

புறம்போக்கு வந்துவிட்டால் கதை வேறு. ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், மேய்ச்சல் நிலம், வண்டிப்பாதை, களம் என்று எங்கே நின்றாலும் அந்த மரம் அரசுடையது. யார் நட்டார், யார் தண்ணீர் ஊற்றினார் என்பது உரிமையைத் தீர்மானிக்காது. தாத்தா நட்ட புளியமரம் என்று பேரன் கோடரியோடு போனால், சட்டத்தின் கண்ணில் அவர் அரசு சொத்தைச் சேதப்படுத்துபவர்.

நட்டவருக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கிராமப்புறங்களில் ‘2சி பட்டா’ என்றும் ‘மரப்பட்டா’ என்றும் சொல்வார்கள். புறம்போக்கில் மரம் வளர்த்தவர் அதன் பலனைத் தானே அனுபவிக்கத் தரப்படும் அனுமதி இது. கிராமக் கணக்குகளில் 2சி என்ற எண்ணுள்ள பதிவேட்டில் ஏறுவதால் இந்தப் பெயர். புளியமரமானால் பழம், பனையானால் நுங்கும் ஓலையும், தென்னையானால் காய். பலனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மரத்தை வெட்ட முடியாது. மரம் நிற்கும் நிலத்தில் ஒரு சாண்கூடச் சொந்தமாகாது. பட்டா என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால் இதை நிலப்பட்டாவாக நினைத்துக்கொண்டு வேலி போட்டவர்கள் உண்டு, அதைக் காட்டி இடத்தை விற்கப் பார்த்தவர்களும் உண்டு. அப்படி வாங்கியவர் கையில் நிலமும் இருக்காது, மரமும் இருக்காது.

மரப்பட்டா யாருக்கும் இல்லாத மரங்களின் பலன் ஏலத்துக்குப் போகும். சாலையோரப் புளிய மரங்களின் மகசூல் ஏலம் ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். ஏலம் எடுத்தவருக்கும் பழத்தோடு உரிமை முடிந்தது. கிளையை ஒடித்து விறகாக்கினால் அது தனிக் குற்றம்.

பேச்சில் எல்லாப் புறம்போக்கையும் ஒன்றாகச் சொன்னாலும் காகிதத்தில் அதற்குப் பல எசமானர்கள். ஏரிக்கரை மரம் நீர்வளத்துறையிடமோ ஊராட்சி ஒன்றியத்திடமோ இருக்கும். நெடுஞ்சாலை ஓர மரம் நெடுஞ்சாலைத்துறையிடம். கோயில் நில மரம் அறநிலையத்துறையிடம். ஏரிக்குள் வனத்துறை சமூகக் காடுகள் திட்டத்தில் வளர்த்த கருவேல மரங்கள் வனத்துறையிடம். அவற்றை முற்றிய பின் ஏலம் விட்டு ஊராட்சிக்கும் பங்கு தரும் வழக்கம். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் மூன்று மரங்களுக்கு மூன்று அலுவலகங்கள் பொறுப்பாக இருக்கக்கூடும். மரம் வெட்டப்படுகிறது என்று புகார் சொல்லப் போனவரை ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பி வைப்பதற்குள் மரம் சாய்ந்து, வண்டியும் போயிருக்கும். அலட்சியம் ஒரு பங்கு என்றால், யார் வேலி யார் பயிர் என்று தெரியாத குழப்பம் இன்னொரு பங்கு.

முறைப்படி அனுமதி கேட்டு வெட்டுவதற்கு ஒரு வழி உண்டு. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு படியாக ஏறிக் கோட்டாட்சியர் வரை போகும். இடையில் வனத்துறை ஆள் வந்து நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், டேப்பைச் சுற்றி அளப்பார். சுற்றளவு, வெட்டு மரமாகத் தேறும் நீளம், விறகாகத் தேறும் எடை ஆகியவற்றைக் கொண்டு ஒரு மதிப்பு போடுவார். அந்தத் தொகையை அடிப்படையாக வைத்து ஏலம் நடக்கும். கவனித்துப் பாருங்கள்: இந்தக் கணக்கில் மரம் ஏற்கெனவே செத்துவிட்டது. அளப்பது கட்டையை.

மரத்தைக் கட்டையாகவே பார்க்கும் இந்தக் கண் நம் சட்டங்களில் பழையது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், அசையாச் சொத்து என்பதிலிருந்து வெட்டு மரத்தை விலக்கி வைத்திருக்கிறது. அப்படியானால் வேரோடு நிற்கும் மரம் அசையும் சொத்தா? 1958இல் சாந்தாபாய் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் தமது தனித் தீர்ப்பில் இதைப் பிரித்துக் காட்டினார். விரைவில் வெட்டப்போகும் நிலையில் உள்ள, கட்டைக்கு ஆகும் மரம் அசையும் சொத்துக் கணக்கு. மண்ணிலிருந்து இன்னும் உணவெடுத்துப் பலன் தந்துகொண்டு நிற்கப்போகும் மரம் அசையாச் சொத்து. ஆக, மரம் என்னவென்பதை அதை வைத்திருப்பவரின் எண்ணம் தீர்மானிக்கிறது.

திருட்டுக் குற்றத்திலும் இதே நுணுக்கம். அடுத்தவர் நிலத்தில் உள்ள மரத்தைக் கவரும் எண்ணத்தோடு ஒருவர் வெட்டினால், மண்ணிலிருந்து மரம் பிரிந்த அந்த நொடியிலேயே திருட்டு முடிந்துவிடுகிறது. தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்றில்லை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் திருட்டை விளக்கத் தந்த முதல் எடுத்துக்காட்டே இதுதான். அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் அதை வைத்துக்கொண்டிருக்கிறது. “வெட்டினேன், எடுத்துப் போகவில்லையே” என்ற வாதம் கிராமப் பஞ்சாயத்தில் எடுபடலாம், நீதிமன்றத்தில் எடுபடாது.

இரண்டாவது கேள்வி, என்ன மரம் என்பது. இங்கே நிலத்தின் எல்லை அழிந்து, பட்டா நிலத்துக்குள்ளும் சட்டம் நுழைகிறது.

சந்தனம் பழைய கதை. திப்பு சுல்தான் 1792இல் அதை அரசருக்கே உரிய மரமாக்கினார். பிறகு வந்த அரசுகளும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்க அவசரப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டா நிலச் சந்தன மரங்களுக்கென 2008இல் விதிகள் வந்தன. விவசாயி வளர்க்கலாம், ஆனால் அவராகவே வெட்டி விற்க முடியாது. வனத்துறை வழியாகவே அது வெட்டப்பட்டுக் கிடங்கு போய், ஏலத்தில் விற்ற பிறகு பணம் வரும். திருப்பத்தூர், சத்தியமங்கலம் சந்தனக் கிடங்குகள் அதற்குப் பெயர் பெற்றவை.

இந்தப் பாதுகாப்பு சந்தனத்துக்கு நல்லது செய்ததா? எனக்குச் சந்தேகம் உண்டு. தன் நிலத்தில் தானாக முளைத்த சந்தனக் கன்றைக் கண்ட விவசாயி பல காலம் என்ன செய்தார் என்று ஊரில் விசாரித்தால் தெரியும்: பிடுங்கி எறிந்தார். வளர்ந்தால் திருடன் வருவான். திருடன் வெட்டினால் விசாரணைக்குத் தான் அலைய வேண்டும். அதற்குக் கன்றிலேயே தொல்லையை முடிப்பது மேல். கடுமையான காவல் பல நேரம் மரத்தை முளையிலேயே கொன்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஈட்டி மரத்துக்கு 1994இல் தனிச்சட்டம் இயற்றினார்கள். பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியின்றி கை வைக்கக்கூடாது என்றது. ஆனால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் என்று காலக்கெடு வைத்து இயற்றி, பின்னர் நீட்டித்த சட்டம் அது. ஈட்டி முற்ற ஒரு மனித ஆயுள் போதாது. அதைக் காக்க வந்த சட்டத்துக்கோ அதில் பாதி ஆயுள்கூடக் குறித்துத் தரவில்லை.

மலைக் கிராமங்களில் இன்னொரு அடுக்கு உண்டு. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டம் நீலகிரி, கொடைக்கானல் போன்ற அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தையும் குழுவின் அனுமதியின்றி வெட்டத் தடை போடுகிறது. மண்சரிவுக்கு அஞ்சி வந்த சட்டம் என்பதால், கட்டை விலையைத் தாண்டி யோசித்த அரிய சட்டங்களில் இதைச் சேர்க்கலாம்.

பனைக்கு வருவோம். 1978 முதல் அது தமிழ்நாட்டின் மாநில மரம். அந்தப் பட்டம் ஒரு பனையையும் காப்பாற்றவில்லை என்பதைத் தென் மாவட்டச் சாலைகளில் சென்றவர்கள் அறிவார்கள். செங்கல் சூளைக்கு மலிவான விறகு பனை. ஏறுவதற்கு ஆள் இல்லாத தோப்பில், பதநீர் இறக்காத மரத்துக்கு, சூளைக்காரர் தரும் சில நூறு ரூபாயே வருமானம். பொக்லைன் வந்தால் ஒரே நாளில் ஒரு தோப்பு காலியாகிவிடும். 2021 ஆகஸ்டில் தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், தவிர்க்க முடியாமல் பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். பட்டா நிலத்துப் பனைக்கும் கேள்வி கேட்க ஆள் உண்டு என்ற நிலை வந்ததே ஒரு முன்னேற்றம்தான்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை இதை 1951லேயே செய்துவிட்டது. மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் அந்த ஆண்டின் சட்டம் பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்றது. பஞ்ச காலத்தில் சோறாகும் மரம், கிழங்குக்கு விதை தரும் மரம் என்பதே அங்கே அளவுகோல். கட்டைக்குப் பதிலாகக் காயைப் பார்த்துச் சட்டம் எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் புளிக்கும் இலுப்பைக்கும் அப்படி யாரும் எழுதவில்லை.

ஆக, ஆல், அரசு, வேம்பு, புளி, இலுப்பை, மருதம் என்று ஊர் அடையாளமாக நிற்கும் மரங்களில் எதற்கும் தனிக் காவல் இல்லை. இவை காப்பாற்றப்பட்ட இடங்களில் வேறு ஏதோ ஒன்றைக் காக்கப்போய், கூடவே இவையும் பிழைத்திருக்கின்றன.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தடுக்க ஊர் மக்கள் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் போய் 1798இல் எழுத்து மூலமாக உரிமை வாங்கினார்கள். அவர்கள் கேட்டது பறவைகளுக்குப் பாதுகாப்பு; காரணம், எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ஆனால் கூடு கட்ட மரம் இல்லாமல் பறவை எங்கே இருக்கும்? ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களுக்கும் சேர்த்துக் காவல் வந்துவிட்டது. விவசாயியின் வயிற்றுப்பாட்டிலிருந்து பிறந்த பாதுகாப்பு என்பதால்தான் அது இத்தனை காலம் நின்றது என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு அதுபோன்ற வழி, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம். மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க இந்தச் சட்டம் வழி செய்கிறது. 2007இல் இந்தியாவிலேயே முதலாவதாக அப்படி அறிவிக்கப்பட்டது எது தெரியுமா? பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளிப் பக்கம் நல்லூரில், சுமார் 54 ஏக்கரில் நிற்கும் ஒரு பழைய புளியந்தோப்பு. சாதாரணப் புளியமரம், ஊர் எல்லையில் நிற்கும் அதே புளியமரம்தான். தமிழ்நாட்டில் 2022இல் மதுரை அரிட்டாபட்டிக்கும், 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோவில் கோயில்காட்டுக்கும் இந்தத் தகுதி கிடைத்தது. காசம்பட்டிக் காடு ஐந்து எக்டேருக்கும் சற்றுக் குறைவு. இத்தனை சின்ன இடத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதுதான் அதில் மற்ற ஊர்களுக்கான சேதி.

கோயில்காடுகள் பற்றி உச்ச நீதிமன்றமும் பேசியிருக்கிறது. காடு என்பது யாருக்குச் சொந்தமானாலும், அரசுப் பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருந்தால் அது காடுதான் என்று 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் சொன்னது. 2024 டிசம்பரில் ராஜஸ்தானின் ‘ஓரண்’ எனப்படும் கோயில்காடுகளை அடையாளம் கண்டு காக்க உத்தரவிட்டது. தோப்பாக நிற்பவற்றுக்கு இந்தத் தீர்ப்புகள் கைகொடுக்கும். சாவடி முன்னால் ஒற்றையாக நிற்கும் அரசமரத்தைக் காடு என்று எந்த அகராதியும் சொல்லாது.

ஒற்றை மரத்துக்குத் தமிழ்நாட்டில் இப்போது இருக்கும் பிடிமானம் 2021இல் அமைத்த பசுமைக் குழுக்கள். ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு. அரசு நிலத்தில் மரம் வெட்ட வேண்டுமானால், அது உண்மையிலேயே தவிர்க்க முடியாததா என்று இந்தக் குழு பார்க்க வேண்டும். வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்றுகள் நட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாலை அகலப்படுத்த நூறு வயதுப் புளியமரத்தைச் சாய்த்துவிட்டு, இரும்புக் கூண்டுக்குள் பத்துப் புங்கங்கன்றுகளை நட்டு, முதல் கோடையில் அவற்றில் எட்டைக் காயவிடுவதும் ஏட்டுக் கணக்கில் சரியாகவே இருக்கும். நட்டதை எண்ணுவார்கள், பிழைத்ததை யார் எண்ணுவார்?

நூறு வயது மரத்தின் மதிப்பு என்ன என்பதற்கு உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2021இல் ஒரு கணக்குச் சொன்னது. மரம் தரும் ஆக்சிஜன், உரம், மற்றப் பயன்கள் சேர்த்து ஆண்டுக்கு 74,500 ரூபாய். அதை மரத்தின் வயதால் பெருக்கிக்கொள்ள வேண்டும். மேற்கு வங்கத்தில் ரயில் மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கில் வந்த அறிக்கை அது. அதன்படி நூறாண்டு மரம் அரைக்கோடியைத் தாண்டும். இந்தக் கணக்கு நடைமுறைக்கு வரவில்லை. அந்த எண் மிகை என்று வாதாடலாம்; ஆனால் டேப்பைச் சுற்றிப் போடும் விறகு விலை அதைவிடப் பெரிய பொய். 2025 மார்ச்சில் மதுரா–பிருந்தாவனம் பகுதியில் அனுமதியின்றி வெட்டப்பட்ட 454 மரங்களுக்கு, மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அபராதம் விதிப்பதை அதே நீதிமன்றம் ஏற்றது.

கர்நாடகத்தில் 1976 முதல், டெல்லியில் 1994 முதல் மரப் பாதுகாப்புக்கென்று பொதுவான சட்டம் உண்டு. தனியார் நிலத்து மரத்துக்கும் பொருந்தும். கேரளம் 2005இல் வேறு வழி எடுத்தது: காடல்லாத இடத்தில் மரம் வளர்ப்பதை ஊக்குவிக்கும் சட்டம் கொண்டுவந்து, பெரும்பாலான மரங்களுக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டு, பட்டியலிட்ட சில வகைகளுக்கு மட்டும் நிபந்தனை வைத்தது. தமிழ்நாட்டில் வெவ்வேறு சட்டங்களும் அரசாணைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றனவே தவிர, கிராமத்து ஒற்றை மரத்துக்கென்று அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. டெல்லி வழியை அப்படியே இங்கே கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன். மலைவேம்பும் தேக்கும் பயிராக நடும் விவசாயியை அனுமதிக்கு அலையவிட்டால், சந்தனக் கன்றுக்கு நேர்ந்ததே அவற்றுக்கும் நேரும். பொது நிலத்து முது மரங்களுக்கு இறுக்கம், பட்டா நிலத்துக்குத் தளர்வு என்பதே இந்த மண்ணுக்குப் பொருந்தும்.

காவல் இருக்கும் மரத்தையும் வீழ்த்த ஊரில் ஓர் உபாயம் உண்டு. பச்சை மரத்தை வெட்ட அனுமதி கிடைப்பது கஷ்டம். பட்டுப்போன மரம் ஆபத்து என்று மனு கொடுத்தால் எளிது. ஆகவே முதலில் மரம் பட்டுப்போக வேண்டும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்தால் போதும். இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்கும் பாதை அறுந்து, வேர் பட்டினி கிடந்து சாகும். துளையிட்டு ஆசிட் ஊற்றுவது இன்னொரு வழி. ஆள் அடையாளம் தெரியாத வழி, அடியில் தினம் குப்பையைக் கொட்டி எரிப்பது. ஓரிரு ஆண்டில் ஒரு பக்கம் கருகி உள்ளே கோறையாகி, அடுத்த காற்றுக்குக் காத்திருக்கும் மரம். யார் கொன்றார்கள் என்று எந்த மகஜரிலும் வராது.

இதற்கு எதிராக ஊரார் கையில் இருப்பது பதிவு ஒன்றுதான். ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டுச் சட்டம். பல ஊர்களில் அது பெயருக்கு எழுதி அலமாரியில் கிடக்கிறது. அதில் ஊரின் முது மரங்களை சர்வே எண், நெஞ்சு உயரச் சுற்றளவு, தேதியிட்ட புகைப்படம் ஆகியவற்றோடு ஏற்றி, கிராமசபையில் தீர்மானமாக வைத்து, நகலை வட்டாட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் அனுப்பலாம். அடியில் நெருப்பு வைத்த முதல் நாளே எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம். பல்லுயிர்த் தலம், காடு சார்ந்த விஷயமானால் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். புறம்போக்கில் நிற்கும் ஒற்றை மரத்துக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் பெரும்பாலும் வழி. அங்கே வெட்டிய அடிக்கட்டையின் சுற்றளவே முதல் சாட்சி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் கட்டையையும் தோண்டி எடுத்து மண்ணை நிரவிவிடுகிறார்கள். அப்போது அந்த இடத்தில் மரம் இருந்தது என்று சொல்லப் பதிவேட்டில் எழுதிய வரி மட்டுமே மிஞ்சும்.